பதநீர் காலத்தில் இருவராகப் பனங்காட்டுக்கு: தேவகோட்டையிலிருந்து சாயல்குடி வரை

கல்யாணமாகி தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்கு நான் வந்து ஆறு வருஷம் ஆகிறது. வயல், கண்மாய், பெரிய வீடுகளின் பூட்டிய கதவுகள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. இப்படி ஒரு ஊரில் இருக்கும் கணவனும் மனைவியும் எங்கேயாவது சேர்ந்து போய்வர வேண்டும் என்றால் மதுரையும் திருச்சியும்தான் நினைவுக்கு வரும். நாங்கள் வருஷத்துக்கு ஒரு தடவை சாயல்குடிப் பக்கம் பனங்காட்டுக்குப் போகிறோம். மரத்தடியில் நின்று பதநீர் குடிக்க, கருப்பட்டி காய்ச்சுவதைப் பார்க்க, வீட்டுக்கு ஒரு வருஷத்துக்கான கருப்பட்டி வாங்க. முதல் தடவை போகிறவர்களுக்காக, நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. மாதத்தைப் பாருங்கள், அதைவிட மணியைப் பாருங்கள்

பனை பாளை, அதாவது பூங்குலை, விடுகிற காலத்தில்தான் பதநீர். மாசியில் தொடங்கி ஆனி வரை ஓடும் என்றாலும், பங்குனி, சித்திரை, வைகாசிதான் நல்ல காலம். வெயிலுக்குப் பயந்து கார்த்திகை, மார்கழியில் போனால் மரத்தை மட்டும் பார்த்துவிட்டு வரலாம்.

மாதத்தை நாங்கள் சரியாகப் பிடித்துவிட்டோம், மணியில் தவறினோம். முதல் வருஷம் காலையில் சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பி, பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். மரத்தடியில் ஒருவரும் இல்லை. ரோட்டோரத்தில் ஒரு பானை இருந்தது. வாங்கிக் குடித்தோம். தண்ணீரில் சாக்கரின் கரைத்த ருசி, நாக்கின் அடியில் கசப்பு. அதுதான் பதநீர் என்று நினைத்துக்கொண்டு திரும்பியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். நல்லவேளை, அங்கே நின்ற ஒரு பெரியவர், “பொழுது விடியுமுன்ன வரணும் தாயி, வெயில் ஏறுனா பதினி இருக்காது” என்றார். எங்களுக்குக் கிடைத்த முதல் பாடம் அது. அந்த ஊர்ப் பேச்சில் பதநீர் பதினிதான்.

காலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள் நீங்கள் மரத்தடியில் இருக்க வேண்டும்.

2. முந்தின நாளே ராமநாதபுரம் போய்த் தங்குங்கள்

தேவகோட்டை, திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம் வழியாக ராமநாதபுரம். ஆர்.எஸ். மங்கலத்தில் கண்மாய்க் கரையோரம் ஒரு பத்து நிமிஷம் வண்டியை நிறுத்துங்கள். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று சொல்வது இதைத்தான். ஒரே மூச்சில் நாரை கடக்க முடியாத அகலமாம். கோடையில் வறண்டு கிடந்தாலும் அதன் பரப்பைப் பார்த்தால் அந்தப் பேச்சு புரியும்.

ராத்திரி ராமநாதபுரத்தில் தங்கி, விடியற்காலை ஐந்துக்கு முன் கிளம்பினால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழக்கரை, ஏர்வாடி தாண்டி சாயல்குடிப் பக்கம் விடிகிற நேரத்துக்குப் போய்விடலாம். பைக்கில் போகிறவர்கள் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், உப்புக்காற்றோடு மணலும் வரும். பையில் தண்ணீர், ஒரு மெல்லிய வெள்ளைத் துணி, மூடி இறுகாத எவர்சில்வர் தூக்கு, சில்லறை நோட்டு இவ்வளவு போதும்.

3. கேட்டுவிட்டு உள்ளே போங்கள்

பனங்காடு சுற்றுலாத் தலமில்லை. ஒருவருடைய பிழைப்பு நடக்கிற இடம். மரங்கள் சொந்தமாக இருக்கலாம், குத்தகைக்கு எடுத்ததாக இருக்கலாம். “அண்ணே, தேவகோட்டையிலேர்ந்து வர்றோம், பதினி குடிச்சிட்டு கருப்பட்டி வாங்கலாம்னு” என்று சொன்னால் போதும். பெண் ஒருத்தி கூட நின்றால் பேச்சு சீக்கிரம் வளரும் என்பது என் அனுபவம். ஏனென்றால் காய்ச்சுகிற வேலை முழுக்கப் பெண்கள் கையில். என் வீட்டுக்காரர் மரம் ஏறுகிற மனிதரிடம் நிற்பார், நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். திரும்பி வரும் வழியெல்லாம் நான் பார்த்ததை அவரிடமும், அவர் பார்த்ததை என்னிடமும் சொல்லிக்கொண்டே வருவோம். இருவராகப் போவதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஏறும்போது கீழே நின்று பேச்சுக் கொடுக்காதீர்கள். போட்டோ எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். குழந்தைகளைக் கூட்டிப்போனால் மரத்துக்கு நேர் கீழே விடாதீர்கள், மட்டை விழும்.

4. மரத்தைப் பாருங்கள்

அவசரப்பட்டுக் குடிக்கக் கேட்காமல் ஒரு மரம் ஏறி இறங்குவதை முழுசாகப் பாருங்கள். காலில் தளைநார் மாட்டி, இடுப்பில் அரிவாள் பெட்டியைக் கட்டி, மரத்தை மார்போடு அணைத்து ஏறுகிறார்கள். நாங்கள் பழகிய அண்ணனின் நெஞ்சிலும் முன்கைகளிலும் தோல் தடித்துக் காய்த்து, பனஞ்சிராய் போலவே இருக்கிறது. உச்சியில் பாளையின் நுனியைச் சீவுகிற சத்தம் கீழே நிற்பவருக்குக் கேட்கும், ஈரமான வெண்டைக்காயை நறுக்குவது போல. ஒவ்வொரு சீவலும் மெல்லிசு. ஆழமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும், சீவாமல் விட்டால் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் காலையிலும் மாலையிலும் அதே மரத்தில் மறுபடி ஏற வேண்டியிருக்கிறது. ஒரு நாள்கூட லீவு போட முடியாது. ஆண் பனை, பெண் பனை இரண்டிலும் இறக்குவார்கள். முதல் சொட்டு விழுவதற்கு முன் பல நாள் பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்த வேண்டும்.

கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருப்பதைக் கேட்டுப் பாருங்கள், காட்டுவார்கள். இந்த ஒரு பூச்சுதான் எல்லாம். பாளையிலிருந்து வடிகிற சாறு இனிப்பானது. காற்றில் இருக்கிற ஈஸ்ட் அதில் விழுந்த கொஞ்ச நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும். சுண்ணாம்பின் காரத்தன்மை அதைத் தடுக்கிறது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர், தடவாத கலயத்தில் கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. ஆகவே விளையாட்டுக்குக்கூட “கள்ளு கிடைக்குமா” என்று கேட்காதீர்கள். உங்களுக்கு அது ஒரு பேச்சு. வழக்கு வந்தால் மாட்டுவது மரம் ஏறுகிறவர்.

5. குடிக்கிற முறை

பனை ஓலையை மடித்து ஒரு பட்டை செய்து கையில் தருவார்கள். இரண்டு கையாலும் பிடியுங்கள், ஒரு பக்கம் சாய்ந்தால் எல்லாம் மடியில்தான். வடிகட்டித்தான் ஊற்றுவார்கள், இருந்தாலும் ஒரு எறும்போ பூச்சியோ மிதந்தால் முகம் சுளிக்காதீர்கள். துணி கொண்டுபோகச் சொன்னது அதற்குத்தான்.

முதலில் பட்டையை மூக்கின் பக்கத்தில் வைத்து மணத்தைப் பிடியுங்கள். பச்சை ஓலை வாசமும் லேசான புகை வாசமும் வரும். புளிப்பு வாசமோ நுரையோ இருந்தால் பொழுதாகிவிட்டது, வேண்டாம். வாயில் வைத்ததும் இனிப்பு, அதன் பின்னால் கொஞ்சம் உவர்ப்பு, கடைசியில் தொண்டையில் சுண்ணாம்பின் துவர்ப்பு. சுண்ணாம்பு அதிகமானால் தொண்டை கரகரக்கும், நிறமும் வெளுத்திருக்கும். அப்படியானால் கொஞ்ச நேரம் தெளியவிட்டு, அடியைக் கலக்காமல் மேலாக ஊற்றித் தரச் சொல்லுங்கள்.

எல்லா மரமும் ஒரே ருசி இல்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. போன சித்திரையில் அண்ணன் இரண்டு கலயத்திலிருந்து தனித்தனியாக ஊற்றித் தந்தார். கண்மாய்க்கரை மரத்துப் பதநீர் நீர்க்க, சர்பத் மாதிரி இருந்தது. மேட்டு மணலில் நின்ற மரத்தினுடையது கெட்டி, உப்புக்கரிப்பு தூக்கலாக. என் வீட்டுக்காரருக்கு முதலாவது பிடித்தது, எனக்கு இரண்டாவது. நீங்களும் கலந்து ஊற்றுவதற்கு முன் இரண்டு மரத்தைத் தனித்தனியாகக் கேட்டு வாங்கி, பட்டையை மாற்றி மாற்றிக் குடித்துப் பாருங்கள். நுங்கு இருந்தால் அதைப் பதநீரில் போட்டு ஒரு பட்டை. மாங்காயைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டு ஒரு பட்டை. வெறும் வயிற்றில் இரண்டு பட்டைக்கு மேல் வேண்டாம், வயிறு இளகும்.

வீட்டுக்குக் கொண்டுபோக ஆசை வரும். பிளாஸ்டிக் பாட்டிலில் இறுக்கி மூடாதீர்கள். நாங்கள் ஒரு தடவை இரண்டு லிட்டர் பாட்டிலில் பிடித்து வண்டிப் பெட்டியில் வைத்தோம். திருவாடானை வருவதற்குள் வெயிலில் உப்பி, மூடி தெறித்து, துணிமணியெல்லாம் பிசுபிசுத்துவிட்டது.

6. விடிலியில் உட்காருங்கள்

கருப்பட்டி காய்ச்சுகிற ஓலைக்குடிசைக்கு விடிலி என்று பெயர். எட்டரை மணிக்கு மேல் அங்கே போங்கள், குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். புகை கண்ணைக் கரிக்கும். அதையும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் ஒரு சில்லுக் கருப்பட்டியின் விலை புரியும்.

வடிகட்டிய பதநீரை அகலமான இரும்புச் சட்டியில் ஊற்றி, காய்ந்த மட்டையும் கருவேல விறகும் வைத்து எரிப்பார்கள். முதலில் வெள்ளை நுரை கட்டும், அள்ளி எடுப்பார்கள். பிறகு திடீரென்று பொங்கும். அப்போது காய்ச்சுகிற அக்கா ஆமணக்கு விதையை நசுக்கி ஒரு சிட்டிகை போடுவார், பொங்கல் அப்படியே அடங்கிவிடும். நிறம் வெளிர்மஞ்சள், தேன், அப்புறம் காப்பி என்று மாறும். குமிழி பெரிசாக, சோம்பேறித்தனமாக வெடிக்கத் தொடங்கும்போது ஒரு துளியைத் தண்ணீரில் விடுவார். கரைந்தால் இன்னும் தீ வேண்டும். விரலால் உருட்ட வந்தால் பதம். அந்த நிமிஷம் யாரும் பேசுவதில்லை. சட்டியை இறக்கி, துடுப்பால் கிண்டி, நனைத்து வரிசையாக வைத்திருக்கும் கொட்டாங்கச்சிகளில் ஊற்றுவார்கள். ஒரு நிமிஷம் தாமதித்தால் சட்டியிலேயே இறுகிவிடும்.

பத்து லிட்டர் பதநீர் காய்ச்சினால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோவுக்குள்தான் கருப்பட்டி. அதற்கு எத்தனை மரம், எத்தனை ஏற்றம் என்று அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். அதன்பிறகு நாங்கள் விலை பேரம் பேசியதே இல்லை. நீங்களும் பேசாதீர்கள்.

7. பார்த்து வாங்குங்கள்

வெள்ளைச் சீனி கலந்த கருப்பட்டி நிறைய வருகிறது. உடைத்துப் பாருங்கள். சீனி கலந்தது கல்லாக இருக்கும், உடைந்த இடம் பளபளக்கும். நல்லது மங்கலாக, பொறுபொறுவென்று இருக்கும். நாக்கில் வைத்தால் இனிப்போடு அந்த உப்புக்கரிப்பு வர வேண்டும். காய்ச்சுவதைக் கண்ணால் பார்த்து வாங்குகிறபோது இந்தக் கவலையே இல்லை. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாயல்குடிக் கருப்பட்டியும் ருசியில் அதற்குச் சளைத்தது இல்லை என்பது என் கட்சி.

சர்க்கரை நோய்க்காரர்கள் இஷ்டம்போல் சாப்பிடலாம் என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். இதிலும் பெரும்பகுதி சர்க்கரைதான்.

கட்டிக்கொண்டு வர ஓலைப்பெட்டியே நல்லது. நம் பக்கத்தில் சீர் வைக்கிற செட்டிநாட்டுக் கொட்டான், 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது, அதுவும் இதே பனை ஓலையில் பின்னுவதுதான். நாங்கள் வீட்டுக் கொட்டான் இரண்டைக் கொண்டுபோனபோது அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பின்னலை எண்ணினார். மறுவருஷம் அவருக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தோம். சாயமேற்றிய ஓலை, சிவப்பும் பச்சையும்.

8. வந்ததும்

கருப்பட்டி மழைக்காலத்தில் வியர்க்கும். மண்பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, அடுப்புச் சூடு படுகிற பரணில் வையுங்கள்.

முதல் கருப்பட்டியில் பணியாரம் சுடுங்கள். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே இடித்துச் சலிக்கவும். கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து, மணல் போக வடிகட்டி, பாகு காய்ச்சி, மாவில் ஊற்றிக் கட்டியில்லாமல் பிசைந்து ஒரு ராத்திரி வைக்கவும். காலையில் ஏலக்காய் தட்டிப்போட்டு, தோசைமாவுப் பதத்துக்குத் தளர்த்தி, மிதமான சூட்டில் எண்ணெயில் ஒவ்வொன்றாக ஊற்றவும். இரண்டை ஒன்றாக ஊற்றினால் ஒட்டிக்கொள்ளும். என் மாமியார் ஒன்றைக் கடித்துவிட்டு, “இது மணல் மரத்துக் கருப்பட்டியா?” என்று கேட்டார். அவர் சாயல்குடிக்குப் போனதே இல்லை. உப்புக்கரிப்பை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

9. நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்

2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில், கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று அறிவித்தார்கள். மரம் நின்றாலும் ஏற ஆள் வேண்டுமே. அண்ணனின் இரண்டு மகன்களும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அதனால் நாங்கள் முன்கூட்டியே சொல்லிவைத்து, பாதிப் பணத்தையும் அனுப்பிவிடுகிறோம். பருவத்தின் தொடக்கத்தில் நார், அரிவாள், கலயம் வாங்க அவர்களுக்குக் காசு தேவைப்படுகிறது.

தை கழிந்ததும் அக்காவுக்கு ஒரு போன். “பாளை விட்டிருச்சாக்கா?” இந்த வருஷம் கேட்டதற்கு, “இன்னும் பத்து நாள் கழிச்சுக் கேளு தாயி” என்றார். ஒன்பதாம் நாளே என் வீட்டுக்காரர் தூக்கை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார்.