எல்லை ஒரு மக்களை எப்படி வார்க்கிறது: திருத்தணியை வைத்து ஆராயும் முறை

அமெரிக்கரின் குணத்தை உருவாக்கியது மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டே போன எல்லைதான் என்று 1893-இல் சிகாகோவில் வாதிட்டார் வரலாற்றாசிரியர் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர். அவர் காலி நிலமாகக் கண்ட இடத்தில் பழங்குடி மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். எந்த எல்லையை ஆராய்ந்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் யார்?

சென்னைக்காரர்களுக்குத் தமிழகத்தின் வடக்கெல்லையே நல்ல பாடம். இன்றைய வரைபடத்தை முதலில் மூடி வையுங்கள். அதைப் பார்த்தபடி படித்தால் இப்போதைய கோடு என்றைக்கும் இருந்ததாகத் தோன்றிவிடும். ஒரு தாளில் நான்கு பத்திகள் போடுங்கள்: ஆண்டு, ஆவணம், சொல்பவர், குறிப்பிடும் ஊர். 'வடவேங்கடம் தென்குமரி' என்னும் தொல்காப்பியப் பாயிரம் முதல் வரிசை. அதற்கு ஆண்டை ஊகித்து எழுதாதீர்கள், காலியாக விடுங்கள். அடுத்து 1911, திருத்தணியையும் உள்ளடக்கிச் சித்தூர் மாவட்டம் உருவானது. 1953 அக்டோபர் 1, ஆந்திர மாநிலம் பிறந்தது, சித்தூர் அதில் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1, திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. பாயிரம் சொன்ன வேங்கடம், அதாவது திருப்பதி மலை, ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. பாட்டின் எல்லைக்கும் சட்டத்தின் எல்லைக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியில்தான் எல்லையுணர்வு ஊறுகிறது. அதிக நேரம் இங்கே செலவிடுங்கள்.

கன்னிமாரா நூலகத்தில் 1951, 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாய்மொழி அட்டவணைகளைக் கேளுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: தாலுகா மொத்தத்தை வைத்து முடிவு கட்டுகிறார்கள். இரு மாநிலங்களுக்கும் நடுவராக இருந்து எல்லையைப் பிரித்த படாஸ்கர் கிராமத்தை அலகாக எடுத்தார், நிலத்தொடர்ச்சியையும் பார்த்தார். தமிழ் மிகுந்த தாலுகாவிலும் தெலுங்குக் கிராமங்கள் இருக்கும். தாய்மொழி என்பது மக்கள் சொன்னபடி எழுதியது. போராட்டக் காலத்தில் அந்தப் பதிலே ஓர் அரசியல் நிலைப்பாடாக மாறலாம்.

அக்காலப் பத்திரிகைகளுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகம், அரசாணைகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்திய ம.பொ.சி.யின் 'தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்' முழக்கத்தைப் படிக்கிறவர்கள், 1952 டிசம்பர் 15-இல் இதே சென்னையில் உண்ணாவிரதத்தால் உயிர்விட்ட பொட்டி ஸ்ரீராமுலுவின் தனி ஆந்திர மாநிலக் கோரிக்கையையும் படித்தாக வேண்டும். ஒரே எல்லைப் பிரச்சினை இரண்டு பக்கமும் ஆட்களைத் திரட்டியது. ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் அது கட்சிப் பிரசுரமாகிவிடும்.

கடைசியாகத் திருத்தணிக்கு ரயிலேறுங்கள், எல்லைக்கு அப்பால் ஆந்திரத்திலுள்ள நகரிக்கும் போய் வாருங்கள். வீட்டில் என்ன பேச்சு, சந்தையில் என்ன பேச்சு, பிள்ளைகள் எந்த மொழியில் படிக்கிறார்கள் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். எடுத்த எடுப்பிலேயே 'நீங்கள் தமிழரா, தெலுங்கரா?' என்று கேட்டால், இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இரண்டு மொழியிலும் வாழ்கிற குடும்பம் உங்கள் குறிப்பேட்டில் ஏறவே ஏறாது.