இசைப்பதிவுக்குக் கணினி: அசெம்பிளா, ரெடிமேடா?

கும்பகோணத்தில் என் பதிவு அறைக்கு வருவது பெரும்பாலும் நாதஸ்வரமும் தவிலும்தான். ஆனால் குரல் பதிவு என்று வந்தால் எனக்கு முதல் கேள்வி விலை இல்லை, சத்தம். மைக்கும் கணினியும் ஒரே அறையில் இருந்தால், பாடகர் மூச்சு விடும் இடைவெளியில் ஃபேன் இரைச்சல் அப்படியே விழும். அசெம்பிள் செய்தால் பிராசசரின் சூட்டை இழுக்கும் பெரிய ஹீட்சிங்க், மெதுவாகச் சுற்றும் 140 மி.மீ. ஃபேன் என்று பார்த்துப் போடலாம். என் ஓட்டு அதற்குத்தான்.

கிராஃபிக்ஸ் கார்டுக்குக் காசைக் கொட்டாதீர்கள். பிராசசரில் இருப்பதே போதும். அந்தப் பணத்தில் 32 ஜிபி ராம், சாம்பிள்களுக்கென்று (முன்பே பதிவு செய்து வைத்த வாத்திய ஒலிகள்) தனி எஸ்எஸ்டி. பதிவின்போது பஃபரை, அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்துக் கையாளும் ஒலியின் அளவை, 128 சாம்பிளில் வையுங்கள். இங்கே சாம்பிள் என்பது ஒலியின் ஒரு அளவீடு. 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 சாம்பிள்) அது சுமார் 2.7 மில்லிசெகண்ட் தாமதம், ஒலி உள்ளே போய் வெளியே வர இன்னும் கூடும், ஆனாலும் ஹெட்போனில் தாளம் கேட்டு வாசிப்பவருக்கு உறுத்தாது. மிக்சிங்கில் தாமதம் பொருட்டில்லை, 1024க்கு ஏற்றிவிடலாம்.

திருவையாறு ஆராதனை, கோயில் திருவிழா என்று வெளியே போய்ப் பதிவு செய்பவரா? யோசிக்காமல் லேப்டாப் வாங்குங்கள். ரெடிமேடில் ஆப்பிளின் மேக் மினியும் அமைதியான பெட்டிதான், ஆனால் ராமை அப்புறம் கூட்ட முடியாது.

எதை எடுத்தாலும் கூடவே ஒரு யூபிஎஸ். ஆலாபனை நடுவில் கரண்ட் போனால் அதே சங்கதி மறுபடி வராது. அசெம்பிள் செய்தவர்கள் பில்களைப் பத்திரமாக வையுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் வாரண்டி தனித்தனி.