நான்கு நற்செய்திகளை அருகருகே வைத்து இயேசுவின் பணிவாழ்வைப் படிக்கும் முறை

இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நற்செய்திகள் நான்கு. மாற்கு 16 அதிகாரம், யோவான் 21, லூக்கா 24, மத்தேயு 28, ஆக மொத்தம் 89. ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால் நான்கும் மனத்துக்குள் கலந்து ஒரே கதையாகிவிடும். எது யார் சொன்னது என்பது அத்தோடு மறந்துபோகும். அதைத் தடுக்க வரலாற்று மாணவர்களும் மறையுரையாளர்களும் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை, நான்கையும் பத்திகளாக அருகருகே எழுதிப் பார்ப்பது.

பெரிய தாளைக் குறுக்குவாட்டில் வைத்து ஐந்து பத்தி கோடிடுங்கள். முதல் நான்கில் மாற்கு, மத்தேயு, லூக்கா, யோவான் என்ற வரிசை. ஐந்தாவது பத்தி, சம்பவம் நடந்த இடத்தையும் எழும் கேள்விகளையும் குறிக்க. மொழிபெயர்ப்பு ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். ஒரே ஊரின் பெயர் ஒன்றில் கப்பர்நகூம், இன்னொன்றில் கப்பர்நாகும் என்று வந்தால், சொல் வேறுபாடு ஆசிரியருடையதா மொழிபெயர்ப்பாளருடையதா என்று தெரியாமல் போகும். அச்சிலுள்ள உபதலைப்புகளையும் நம்பாதீர்கள், அவை மூலத்தில் இல்லை. அதிகாரப் பிரிவே 13-ம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்கள் 1551-ல் வந்தவை.

முதலில் மாற்கை ஒரே அமர்வில், குறிப்பெடுக்காமல், வாய்விட்டுப் படியுங்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். மறுநாள் அதைக்கொண்டு எலும்புக்கூட்டைக் கட்டுங்கள் (முதல் எண் அதிகாரம், புள்ளிகளுக்குப் பின் வருவது வசனம்): 1:1–13 ஞானஸ்நானமும் சோதனையும், 1:14 முதல் 8:26 வரை கலிலேயாவும் சுற்றுப்புறமும், 8:27 முதல் 10 முடிய எருசலேமை நோக்கிய பயணம், 11 முதல் 16 முடிய கடைசி வாரமும் உயிர்த்தெழுதலும். பதினாறில் ஆறு அதிகாரம் அந்த ஒரு வாரத்துக்கே போவதைக் கவனியுங்கள். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் 16:9–20 இல்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு குறி இடுங்கள்.

அடுத்து மத்தேயுவும் லூக்காவும். மாற்கில் இருப்பதை அதே வரியில் எழுதுங்கள், இல்லாததற்குப் புது வரி போடுங்கள். மலைப்பிரசங்கம் (மத்தேயு 5–7) வரும்போது கை நின்றுவிடும். லூக்காவில் அதற்கு இணையானது 6:20–49-ல் சமவெளியில், மிகச் சுருக்கமாக இருக்கிறது. மீதியில் பல வரிகள் 11, 12 முதலிய அதிகாரங்களில் சிதறிக் கிடக்கின்றன. இழுத்துப் பொருத்த வேண்டாம். இருக்கும் இடத்தின் எண்ணை மட்டும் எழுதுங்கள். கட்டம் காலியாக இருந்தால் காலியாகவே இருக்கட்டும், ஓர் ஆசிரியர் எதைச் சொல்லவில்லை என்பதும் செய்திதான்.

யோவானைக் கடைசியில் எடுங்கள். அவருடைய கால அளவே வேறு. ஆண்டுக்கு ஒருமுறை வரும் யூதப் பண்டிகை பஸ்கா. மற்ற மூவரும் இயேசுவின் பணிக்காலத்தில் ஒரே ஒரு பஸ்காவைத்தான் சொல்கிறார்கள். யோவான் 2:13, 6:4, 11:55 என மூன்றைச் சொல்கிறார். பணிக்காலம் இரண்டு ஆண்டுக்கு மேல் என்ற கணக்கு இங்கிருந்து வருகிறது. ‘மூன்றரை ஆண்டு’ என்று எந்த நற்செய்தியிலும் எழுதப்படவில்லை. 5:1-ல் பெயர் சொல்லாமல் வரும் பண்டிகையையும் பஸ்காவாக எண்ணினால்தான் அந்தக் கணக்கு வரும்.

முறை கைவர, ஐயாயிரம் பேருக்கு உணவளித்ததை முதல் பயிற்சியாகச் செய்யுங்கள். உயிர்த்தெழுதலைத் தவிர்த்தால் நால்வரும் சொல்லும் அற்புதம் இது ஒன்றுதான்: மாற்கு 6, மத்தேயு 14, லூக்கா 9, யோவான் 6. ஐந்து அப்பம், இரண்டு மீன், பன்னிரண்டு கூடை நான்கிலும் உண்டு. வேறுபடுவதை மட்டும் இப்போது அடிக்கோடிடுங்கள். மாற்கு ‘பசும்புல்’ என்கிறார். பஸ்கா சமீபமாயிருந்தது என்கிறார் யோவான். பஸ்கா வசந்தகாலப் பண்டிகை, மழைக்காலம் முடிந்து கலிலேயாவில் புல் பச்சையாக இருக்கும் நேரம். அப்பம் எங்கே வாங்கலாம் என்று இயேசு பிலிப்புவிடம் கேட்பது யோவானில் மட்டும். ஏன் பிலிப்பு என்று அங்கே விளக்கமில்லை. இடம் பெத்சாயிதா பக்கம் என்று லூக்கா சொல்கிறார்; பிலிப்பு பெத்சாயிதா ஊரான் என்பது யோவான் 1:44. உணவுக்குப் பின் சீடரை அவசரமாகப் படகில் ஏற்றியதாக மாற்கும் மத்தேயுவும் எழுதுகிறார்கள். மக்கள் அவரை ராஜாவாக்க முயன்றதாக யோவான் 6:15 சொல்வதைப் பக்கத்தில் வைத்தால் அந்த அவசரம் புரிகிறது. ஆனால் மாற்கு 6:45-ல் அந்தப் படகு போகும் திசையும் பெத்சாயிதாதான். அதை லூக்காவோடு எப்படிப் பொருத்துவது என்பது ஐந்தாம் பத்திக்கான கேள்வி.

பலரும் தடுக்கி விழும் இடம் ஆண்டுக்கணக்கு. மத்தேயுவின்படி இயேசு பிறந்தது ஏரோது ராஜாவின் காலத்தில். அவன் இறந்தது பொதுவாக கி.மு. 4 எனக் கொள்ளப்படுகிறது. ஆகவே பிறப்பு அதற்கு முன்பு. லூக்கா 3:1 சொல்லும் ரோமப் பேரரசர் திபேரியு ராயனின் பதினைந்தாம் ஆண்டு ஏறத்தாழ கி.பி. 28–29. இயேசுவுக்குத் தீர்ப்பளித்த ரோம ஆளுநர் பிலாத்து ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. இந்த மூன்று ஆணிகளையும் தாளின் மேல்விளிம்பில் எழுதிக்கொள்ளுங்கள், வரிக்கு வரி தேதி போட முயலாதீர்கள்.

இன்னொரு தவறு, முரண்களைப் பூசி மெழுகுவது. ஆலயத்தை இயேசு சுத்திகரித்ததை மூவர் கடைசி வாரத்தில் வைக்கிறார்கள், யோவான் 2-ம் அதிகாரத்திலேயே வைக்கிறார். சிலுவையில் அறைந்தது மூன்றாம் மணி என்கிறார் மாற்கு (15:25); சூரிய உதயத்திலிருந்து எண்ணினால் காலை ஒன்பது மணி அளவில். யோவான் 19:14-லோ ஆறாம் மணி வேளையில் இயேசு இன்னும் பிலாத்துவின் முன் நிற்கிறார். இதற்குச் சொல்லப்படும் விளக்கங்கள் பல. அவற்றைப் படிக்குமுன் இரண்டு எண்களையும் அந்தந்தப் பத்தியில் உள்ளபடி எழுதி, எதிரே ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.