மத்தியை முதலில் ஆயுங்கள்: தள்ளிப்போடுவதில் நாம் செய்யும் தவறுகள்

கடலூர் துறைமுகத்தில் காலையில் மத்தியும் வஞ்சிரமும் கொஞ்சம் கருவாடும் வாங்கிவந்த வீட்டில், எதை முதலில் ஆய்வது என்று யாரும் யோசிப்பதில்லை. மத்திதான். அதில் கொழுப்பு அதிகம், வயிற்றுத் தோல் மெல்லிசு. ஐஸ் இல்லாமல் போட்டுவைத்தால் மதியத்துக்குள் வயிறு வெடித்துவிடும். வஞ்சிரம் ஐஸில் இரண்டு நாள் தாங்கும். கருவாடு மழைக்காலம் வரை கிடக்கும்.

அதே வீட்டில், "ரிட்டயர் ஆனதும் பார்த்துக்கலாம்" என்று எடுத்துவைத்த ஆசைகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு கிடையாது. செஞ்சிக் கோட்டை ஏறுவது, அம்மாவிடம் குழம்புப் பக்குவம் கேட்பது, மாடி கட்டுவது எல்லாம் ஒரே மூட்டையில் கிடக்கும். முதல் தவறு இந்த மூட்டைதான். அதை அவிழ்த்து ஒரு தாளில் மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: முழங்கால் வேண்டியவை, இன்னொருவர் நம்மோடு இருக்க வேண்டியவை, பணம் மட்டும் வேண்டியவை. மூன்றாவது வகை கருவாடு. அது காத்திருக்கும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் வேலை நடப்பது தலைகீழாக. பி.எஃப். பணம் கைக்கு வந்ததும் வெளியூர் மகனுக்காக மாடி எழும்பும். அவர் வருஷத்துக்குப் பத்து நாள் வந்து தங்குவார். மாடிப்படி ஏற முடியாத வயதில் அதைப் பெருக்கித் துடைக்கும் வேலைதான் பெற்றோருக்கு மிஞ்சும்.

இரண்டாவது வகைக்கு ஒரு எளிய பெருக்கல் போதும். அப்பா பண்ருட்டியில், வயது 76. மகள் சென்னையில். பொங்கல், தீபாவளி, ஒரு கல்யாணம் என்று வருஷத்துக்கு மூன்று முறை பார்க்கிறார்கள். இன்னும் எட்டு வருஷம் அப்பா நன்றாக இருந்தாலும் மொத்தம் 24 தடவை. அதில் பாதி, விருந்தாளிக் கூட்டத்திலும் சமையல்கட்டிலும் கரைந்துவிடும். மாதம் ஒரு ஞாயிறு என்று வைத்தால் அதே எட்டு வருஷத்தில் 96. "அடிக்கடி வரணும்" என்று சொல்வதால் ஒன்றும் கூடுவதில்லை. இரண்டாவது ஞாயிறு என்று கிழமை குறித்தால்தான் கூடும்.

இனி முழங்கால். இங்கே நடக்கும் பெரிய தவறு, நடைப்பயிற்சி ஒன்றே போதும் என்று நம்புவது. கடலூர் வெள்ளி கடற்கரையில் முக்கால் மணி நேரம் நடந்துவிட்டு பஜ்ஜிக் கடையில் நிற்கிறவர்களுக்கு மூச்சு பழகியிருக்கும், தொடைக்கு வலு ஏறியிருக்காது. தரையிலிருந்து எழுவதும் படி ஏறுவதும் தொடைத் தசையின் வேலை. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்போடு, இரண்டு நாளாவது தசைக்கு வலு தரும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. 65 தாண்டியவர்களுக்கு மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் சேரும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். கைப்பிடி இல்லாத சாதாரண நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுக்குள் ஆண்களுக்கு 14க்குக் கீழே, பெண்களுக்கு 12க்குக் கீழே வந்தால் கால் வலு சராசரிக்குக் குறைவு. பயிற்சியும் இதுவேதான்: ஒரு நாள் விட்டு ஒரு நாள், பத்துப் பத்தாக இரண்டு தடவை. முட்டி வலித்தால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள், பயிற்சியை நிறுத்தாதீர்கள். தொப்பென்று உட்காருவதில் பலன் பாதி போய்விடும். மெதுவாக இறங்குவதுதான் தசையைக் கட்டும்.

கடற்கரையில் நடப்பவர்கள் இன்னொன்றையும் கவனிப்பதில்லை. அலை தொடும் ஈர மணல் கெட்டியாக இருந்தாலும் கடலை நோக்கிச் சாய்ந்திருக்கும். போகும்போது ஒரு கால், திரும்பும்போது மறு கால் பள்ளத்தில் இருக்கும். முட்டி வலி உள்ளவர்களுக்கு ரோடுதான் நல்லது.

செஞ்சிக்குப் போகுமுன் கடலூர் பக்கம் திருவந்திபுரத்தில் ஔஷதகிரிக் குன்றின் 74 படிகளை ஏறிப் பாருங்கள். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கி இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தால் இரண்டு மாதப் பயிற்சி பாக்கி. நெஞ்சில் இறுக்கம் வந்தால் அது பயிற்சிக் குறை இல்லை, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டிய விஷயம். செஞ்சி ராஜகிரி சுமார் 800 அடி. படிகள் ஒரே உயரத்தில் இருக்காது, உச்சிக்குச் சற்று முன்னால் பாறைப் பிளவின் மேல் ஒரு பாலம் வரும். யுனெஸ்கோ பட்டியலில் 2025இல் சேர்ந்தபின் "ஒருமுறை போகணும்" என்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். 45 வயதில் அரை நாள் வேலை அது. 68இல் அடிவாரத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் இடம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரோடு காலையிலேயே ஏறிவிடுங்கள். தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிட்டால் குரங்கு பிடுங்கும். ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது வலிக்கிற கால் முன்னால். முட்டிச் சில்லுக்கு அதிகச் சுமை இறங்கும்போதுதான். பிச்சாவரம் படகுச் சவாரியை இதற்குப் பின்னால் வைக்கலாம். அங்கே உட்காரத்தான் வேண்டும், ஏறி இறங்க ஒரு கை கிடைத்தால் போதும்.

பெரியவர்கள் பேச்சைப் பதிவு செய்வதில் பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்: பொங்கலன்று கூடத்தில் எல்லோர் முன்னாலும் போனை நீட்டி, "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க பாட்டி" என்பது. பாட்டி "என்னத்தச் சொல்ல" என்பார், அதோடு முடிந்தது. மதியத் தூக்கம் முடிந்து காபி குடித்தபிறகு, ஒருவர் மட்டும் உட்காருங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல் ஒரு முழம் தள்ளி வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். கேட்கும்போது காதுக்குத் தெரியாத அந்த இரைச்சல் பதிவில் குரலையே விழுங்கிவிடும். அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வாழ்க்கையைக் கேட்காமல் பொருளைக் கேளுங்கள்: இந்தப் பாத்திரம் யார் வாங்கியது, இந்தப் போட்டோவில் ஓரமாக நிற்பவர் யார், 2011 டிசம்பர் 30 ‘தானே’ புயலன்று எத்தனை முந்திரி மரம் சாய்ந்தது. அதிலிருந்து பேச்சு தானே ஓடும்.

சமையல் பக்குவம் கேட்டு எழுதினால் "ஒரு கை மிளகாய், கண்ணளவு புளி" என்றுதான் வரும். அவர் சமைக்கும்போது பக்கத்தில் சமையல் தராசை வைத்து, கையில் எடுத்ததைச் சட்டியில் போடுமுன் எடை போடுங்கள். அந்தக் கை எத்தனை கிராம் என்பதை வேறு யாரிடமும் கேட்க முடியாது. பழைய போட்டோவின் பின்னால் பெயர் எழுதப் பென்சில்தான், பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை பள்ளம் விழுத்தும். பதிவுகளுக்குப் பெயரும் தேதியும் வைத்து போன், பென்டிரைவ், கூகுள் டிரைவ் என்று மூன்று இடத்தில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

காகித வேலை சலிப்பானது, ஆனால் ஒரு சனிக்கிழமையில் முடியும். உயிலுக்கு ஸ்டாம்ப் பேப்பர் வேண்டியதில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, தேதி போட்டு, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் செல்லும். உயிலால் சொத்து பெறப்போகிறவரையே சாட்சியாக வைக்காதீர்கள். பதிவு கட்டாயமில்லை, செய்தால் பிறகு சண்டை குறையும். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்கிறவர்தான், அதனாலேயே வாரிசு ஆகிவிடமாட்டார். புதுச்சேரியில், 1881 ஆணையின்படி பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பங்கள் வக்கீலைப் பார்க்காமல் உயில் எழுத வேண்டாம். அங்கே கணக்கே வேறு.

வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம் என்று நினைப்பதும் தவறு. நம் பக்கம் அக்டோபர், நவம்பர், டிசம்பர் பாதி மழைக்கும் புயல் எச்சரிக்கைக்கும் போகும். ஏப்ரல் பின்பாதியும் மே மாதமும் வெயிலுக்கு. பெரியவர்களை வெளியே அழைத்துப் போக உருப்படியாக மிஞ்சுவது எட்டு மாதம், அதில் பரீட்சை வேறு. நம் மீனவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை என்பது முன்கூட்டியே தெரியும், படகுப் பழுதையும் வலை வேலையையும் அதற்குள் வைத்துக்கொள்கிறார்கள். அதுபோல ஜனவரியிலேயே காலண்டரில் நாலு தேதியை வட்டம் போடுங்கள். செலவுக்கு பேங்கில் மாதம் 2,000 ரூபாய் ஆர்.டி., ஒரு வருஷத்துக்கு 24,000. நாலு பயணத்துக்குத் தாராளம். ஐம்பது இடம் எழுதிய பட்டியலைக் கிழித்துவிடலாம். அதில் இருபதாவது, போகாவிட்டாலும் குறையாத இடமாகத்தான் இருக்கும்.

கடைசியாக, பெரிய நாளுக்காகக் காத்திருப்பது. "அம்மாவை ஒரு தைப்பூசத்துக்கு வடலூர் கூட்டிட்டுப் போகணும்" என்று வருஷா வருஷம் சொல்வார்கள், வருஷா வருஷம் கூட்டத்தை நினைத்துப் பயந்து விடுவார்கள். தைப்பூசத்தன்று ஏழு திரைகளும் நீக்கி ஜோதி தரிசனம். மாதப் பூசத்தில் ஆறு திரை நீக்குவார்கள், கூட்டம் அதில் ஒரு சிறு பங்குதான். அடுத்த பூசம் என்றைக்கு என்று நாட்காட்டியில் பாருங்கள். மடக்கு நாற்காலி ஒன்றை வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள், வரிசையில் அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம். சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறு தேவையில்லை. வள்ளலார் 1867இல் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை.