சுத்தம் செய்கிறேன் என்று கணினியைக் கெடுக்காதீர்கள்

வீட்டுக் கணினி மந்தமானதும் பலர் முதலில் தேடுவது இலவச ‘கிளீனர்’ மென்பொருளைத்தான். அது வேண்டவே வேண்டாம். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ‘ரெஜிஸ்ட்ரி’யில் கிடக்கும் பழைய பதிவுகளை நீக்கினால் வேகம் கூடுவதில்லை. தேவையான பதிவு ஒன்று சேர்ந்து அழிந்தால் மென்பொருள்கள் திறக்காமல் போகும். 2017-இல் பெயர்பெற்ற சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள்ளேயே தீநிரலைப் புகுத்திவிட்டார்கள். 22 லட்சத்துக்கும் அதிகமானோர் அதை நிறுவியிருந்தார்கள். குப்பைக் கோப்புகளை நீக்க விண்டோஸிலேயே உள்ள ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ போதும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில் தேவையில்லாதவற்றை நிறுத்துங்கள். கணினியை அடுத்த முறை தொடங்கும்போது வித்தியாசம் தெரியும்.

எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்) பொருத்திய கணினியில், சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் மென்பொருளை ஓட்டுவதும் வீண். அது எஸ்எஸ்டியின் எழுதும் ஆயுளைத்தான் குறைக்கும். எஸ்எஸ்டிக்குத் தேவையான ‘டிரிம்’ வேலையை (அழித்த கோப்புகளின் இடம் இனி தேவையில்லை என்று அதற்குச் சொல்வதை) விண்டோஸ் தானாகவே செய்துகொள்கிறது.

தினமும் ஷட் டவுன் செய்வதால் கணினி புதிதாகத் தொடங்குகிறது என்று நினைக்கிறோம். விண்டோஸ் 8 முதல் வந்த ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி இயங்கும்போது, இயங்குதளத்தின் மையப்பகுதி அப்படியே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அதுவே திரும்ப எழுகிறது. முழுதாகப் புதிதாகத் தொடங்க ‘ரீஸ்டார்ட்’தான் வழி.

இனி தூசு. மின் இணைப்பை நீக்கிவிட்டு, கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பிராசசர் விசிறியின் இதழ்களுக்கு நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். கீழே உள்ள அலுமினியத் தகடுகளின் இடைவெளியில் தூசு கம்பளி போலப் படிந்திருக்கும். சூடு வெளியேற வழியில்லாததால், பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. இதை ‘வைரஸ்’ என்று எண்ணி ஃபார்மட் செய்பவர்கள் ஏராளம். ஃபார்மட் செய்தும் மந்தம் போகாது. வாக்குவம் கிளீனரின் முனையை உள்ளே விடாதீர்கள். அதில் உருவாகும் நிலைமின்சாரம் பாகங்களைப் பழுதாக்கக்கூடும். மென்மையான பிரஷும் காற்று ஊதும் கருவியும் போதும். ஊதும்போது விசிறியைச் சுழலவிடாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த அலுமினியத் தகடுகள் கொண்ட ஹீட் சிங்க்கை மட்டும் அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். கழற்றினால் சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவியாக வேண்டும்.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறதா? பெரும்பாலும் சுவரில் எர்த் இணைப்பு இல்லை, அல்லது மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக்கி மாட்டியிருக்கிறார்கள். இதை அலட்சியப்படுத்தவே கூடாது. எலக்ட்ரீஷியனை அழையுங்கள். யுபிஎஸ் பேட்டரி பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். மின்சாரம் போன நொடியிலேயே கணினியும் அணைந்தால் பேட்டரியைத்தான் பார்க்க வேண்டும். லேசர் பிரின்டரை அந்த யுபிஎஸ்ஸில் செருகாதீர்கள்.

அப்டேட்டுகளைத் தள்ளிப்போடுவதும் ஆபத்துதான். 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிய ‘வான்னாகிரை’ என்ற தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட், அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே வந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் என்னை மிகவும் வருத்தும் தவறு ஒன்று உண்டு. “போட்டோவெல்லாம் டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது” என்பார்கள். பெரும்பாலான வீடுகளில் சி, டி இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் இரு பகுதிகள். விண்டோஸ் கெட்டால் டி தப்பலாம். டிஸ்க்கே கெட்டால் இரண்டும் சேர்ந்தே போகும். கல்யாணப் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எதுவும் மிஞ்சாது. தனியான வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல், கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் இன்னொரு நகல் இருக்கட்டும். நகலெடுத்து முடித்ததும் வெளி டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். செருகியே இருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் தீநிரலான ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும். நகலெடுத்த படங்களில் நாலைந்தை வேறொரு கணினியில் திறந்தும் பாருங்கள். கணினியைச் சர்வீஸுக்குக் கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.