சபை ரபி ஒருவரைப் பற்றி எழுதுவது எப்படி

தமிழ் இதழ்களில் ரபி பெரும்பாலும் ‘யூத மதகுரு’ என்றோ ‘யூதப் பாதிரியார்’ என்றோ அறிமுகமாகிறார். அமெரிக்காவிலுள்ள ஒரு யூதத் தொழுகைக்கூடத்தின் ரபியைப் பற்றிக் கட்டுரை எழுதவோ, அவருடைய வாழ்க்கைக் குறிப்பை மொழிபெயர்க்கவோ நேர்ந்தால், முதலில் இவ்விரு சொற்களையும் ஒதுக்கிவிடுங்கள். யூத மரபில் பூசாரிக்கு இணையானவர் கோஹென். கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்டபோது, பலி செலுத்தும் அவருடைய பணியும் நின்றுபோயிற்று. ரபியோ சமயச் சட்டம் கற்ற ஆசிரியர். யோவான் சுவிசேஷத்தின் தமிழாக்கமே ‘ரபீ’ என்பதற்குப் ‘போதகரே’ என்று பொருள் சொல்கிறது. பத்துப் பேர், அதாவது பழைய சட்டத்தை அப்படியே பேணும் வைதிக (‘ஆர்த்தடாக்ஸ்’) சபைகளில் பத்து ஆண்கள், கூடிவிட்டால் ரபி இல்லாமலேயே முழுத் தொழுகையும் நடக்கும். கொச்சி யூதர்கள் ரபி இல்லாமல் மூத்தோரைக் கொண்டே சமயவாழ்வை நடத்தியவர்கள். அவர்களுடைய தலைவருக்கு அரசர் வழங்கிய பட்டம் ‘முதலியார்’ என்பது நமக்குச் சுவையான செய்தி.

அடுத்து, அவர் ‘ஸ்மிகா’ எனப்படும் ரபிப் பட்டத்தை எங்கே, எந்த ஆண்டு பெற்றார் என்று பாருங்கள். பிறந்த ஊரைவிட இதுவே அதிகம் சொல்லும். 1875இல் சின்சினாட்டியில் ஐசக் மேயர் வைஸ் நிறுவிய ஹீப்ரு யூனியன் கல்லூரி என்றால் அவர், மரபைக் காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் சீர்திருத்தப் பிரிவைச் சேர்ந்தவர். அதன் மாணவர்கள் பல தலைமுறைகளாக முதலாண்டுப் படிப்பை எருசலேமில் கழித்தவர்கள். நியூயார்க்கில் 1886இல் தொடங்கிய யூத இறையியல் கல்லூரி, மரபையும் மாற்றத்தையும் ஒருசேரப் பேணும் ‘கன்சர்வேட்டிவ்’ பிரிவுக்கு உரியது. யெஷிவா பல்கலைக்கழகத்தின் ரபிக் கல்லூரி என்றால் வைதிகப் பிரிவு. அங்கே உணவு விதி முதலானவற்றை, பழைய ரபிகளின் சட்ட விவாதங்கள் அடங்கிய தல்மூதிலும் சட்டத் தொகுப்புகளிலும் ஆழ்ந்து கற்றுத் தேறியாக வேண்டும்.

ஆண்டு ஏன் முக்கியம்? அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் ரபிப் பட்டம் பெற்ற முதல் பெண் சாலி பிரீசாண்ட்; ஆண்டு 1972. கன்சர்வேட்டிவ் கல்லூரி அந்தக் கதவைத் திறக்க 1985 ஆயிற்று. சியோலில் கொரியத் தாய்க்கும் யூதத் தந்தைக்கும் பிறந்த ஆஞ்சலா புக்டால் 2001இல் ரபியாகி, 2014இல் நியூயார்க்கின் சென்ட்ரல் சினகாக் எனும் தொழுகைக்கூடத்தின் தலைமை ரபியானார். யூதப் பிறப்பு தாய்வழியே அமையும் என்பது பழைய விதி; தந்தைவழியும் போதும் என்று சீர்திருத்த ரபிகள் தீர்மானித்தது 1983இல்தான். இந்தப் பின்புலத்தை விட்டுவிட்டால், அவருடைய வரலாறு வெறும் ‘முதல் ஆசியர்’ செய்தியாகச் சுருங்கிவிடும்.

நியமனத்தை எழுதும்போது ‘அனுப்பப்பட்டார்’ என்று எழுதாதீர்கள். ஆயரைப் போல மேலிருந்து இடம் மாற்றுபவர் அங்கே இல்லை. சபை உறுப்பினர்களின் தேர்வுக்குழு நேர்காணல் நடத்தி, ஒரு வார இறுதியில் அவரை அழைத்துப் பேசவைத்து, ஒப்பந்தம் போட்டுச் சம்பளத்துக்கு அமர்த்துகிறது. தம்மை வேலைக்கு வைத்தவர்களையே மேடையிலிருந்து கண்டிக்கவும் வேண்டிய நிலை அவருடையது. அதைப் பற்றி அவரிடம் கேட்டால் நல்ல பதில் கிடைக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பணிகளில், தோரா எனும் மோசேயின் ஐந்து நூல்களில் அந்த வாரத்துக்குரிய பகுதியை ஒட்டிய ஓய்வுநாள் உரை எல்லோருக்கும் தெரிவது. திருமணம், பதின்மூன்று வயதுச் சடங்குக்கான பயிற்சி, நோயாளிகளைச் சந்தித்தல், மதம் மாறி வருவோரை ஏற்கும் மூவர் மன்றத்தில் அமர்தல் ஆகியவையும் உண்டு. இவற்றுள் நீங்கள் நின்று விசாரிக்க வேண்டியது இறப்பு. யூத மரபில் அடக்கம் தாமதிக்கப்படுவதில்லை. ஆகவே ரபி கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுத் துக்கவீட்டில் அமர்ந்து, இறந்தவர் எப்படிப்பட்டவர் என்று குடும்பத்தாரிடம் கேட்டறிந்து, அடுத்த நாளே அவரைப் பற்றிப் பேசியாக வேண்டும். பிறகு ‘ஷிவா’ எனும் ஏழு நாள் துக்கத்திலும் அவ்வீட்டுக்குச் சென்றுவருவார்.

நேரில் சந்திக்கும்போது ‘ரபி’ என்ற சொல்லோடு குடும்பப் பெயரைச் சேர்த்து அழையுங்கள். வைதிக ரபிகள் பலர் எதிர்ப்பாலினத்தவரோடு கைகுலுக்குவதில்லை. நம் கைகூப்பு அங்கே இரு தரப்புக்கும் வசதி. வெள்ளி மாலை சூரியன் மறைவதற்குச் சற்று முன்பிருந்து சனிக்கிழமை இருட்டும்வரை ஓய்வுநாள் ஆதலால், வைதிக ரபிகள் தொலைபேசியை எடுக்கமாட்டார்கள். எனவே விளக்கம் கேட்பதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.