பிள்ளைக்கு பாதம் தட்டையா இருக்கா? வீட்டுலயே எப்படி செக் பண்றது, எப்ப டாக்டர்ட்ட போகணும்

மூணு வயசுக்குள்ள இருக்குற குழந்தைக்கு பாதம் தட்டையாதாங்க தெரியும். உள்ளங்கால்ல கொழுப்பு திரண்டு இருக்கும், மூட்டைப் பிடிச்சு வைக்கிற நாரெல்லாம் இன்னும் தளர்வாவே இருக்கும், அதனால நிக்கும்போது வெயிட் இறங்கி வளைவு அமுங்கிடும். வளர வளர கொஞ்சம் கொஞ்சமா வளைவு வரும், சில பிள்ளைங்களுக்கு பத்து வயசு வரைக்கும் கூட ஆகும். ஆக தட்டையா இருக்கான்னு பாக்குறத விட, அந்தப் பாதம் வளைஞ்சு கொடுக்குதா, வலி இருக்கான்னு பாக்குறதுதான் முக்கியம்.

ஸ்டெப் 1: ஈரத் தடம்
காலை நனைச்சிட்டு காஞ்ச சிமெண்ட் தரையில நிக்க வைங்க. நடுவுல உள்பக்கம் வெட்டி விட்ட மாதிரி காலியா இருந்தா வளைவு இருக்கு, முழுப் பாதமும் அப்பிடியே பதிஞ்சா தட்டை. இத மட்டும் வச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க.

ஸ்டெப் 2: நுனிக்கால்ல நிக்க வைக்கிறது
முக்கியமான டெஸ்ட் இதுதான். சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நுனிக்கால்ல எம்பி நிக்கச் சொல்லுங்க, நீங்க பின்னாடி தரையோட உக்காந்து குதிகால் மட்டத்துல இருந்து பாருங்க. எம்பும்போது உள்ளங்கால்ல வளைவு எழும்பி, வெளிப்பக்கம் சாஞ்சிருந்த குதிகால் உள்பக்கம் திரும்புச்சுன்னா பாதம் நல்லா வளைஞ்சு கொடுக்குதுன்னு அர்த்தம், பெரும்பாலான பிள்ளைங்களுக்கு இப்படித்தான் இருக்கும், வலியும் இல்லன்னா வைத்தியமே தேவையில்ல. எம்பினாலும் வளைவு வரவே இல்ல, குதிகால் திரும்பவே இல்லன்னா குறிச்சு வச்சுக்கோங்க. சின்னக் குழந்தைக்கு சொன்னா புரியாது, அலமாரி மேல பிடிச்ச பொம்மைய வைங்க, தானா எம்பும்.

ஸ்டெப் 3: கட்டைவிரல்
நேரா நிக்கும்போது கால் கட்டைவிரல மட்டும் மெதுவா மேல தூக்குங்க. வளைவு எழும்பணும்.

ஸ்டெப் 4: குதிகால் தசைநார் இறுக்கமா?
படுக்க வச்சு, முழங்கால் மடங்காம, பாதத்த முகத்தப் பாக்க மெதுவா தள்ளுங்க. நேரா நிக்கிற கோணத்தத் தாண்டி கொஞ்சமாவது மேல வரணும். வரலன்னா அமுக்காதீங்க, டாக்டர்ட்ட சொல்லுங்க.

ஸ்டெப் 5: வலி
"வலிக்குதா?"ன்னு கேட்டா பாதிப் பிள்ளைங்க இல்லன்னுதான் சொல்லும், கேக்குறத விட கவனிங்க. கொஞ்ச தூரம் நடந்ததும் தூக்கச் சொல்லுதா, விளையாட்டுல பாதியில உக்காந்துடுதா, அடிக்கடி கணுக்கால் பிசகுதா, நொண்டுதா?

இதுல எது இருந்தாலும் தள்ளிப்போடாம காட்டுங்க: வலி, நொண்டல், பாதம் விறைப்பா இருக்கிறது (ஸ்டெப் 2ல எம்பினாலும் வளைவு வராதது), ஒரு கால் மட்டும் தட்டையா இருக்கிறது, முன்ன நல்லா இருந்த வளைவு இப்ப குறையுறது, வீக்கம். எட்டு வயசுக்கு மேல விறைப்பும் வலியும் சேந்து வந்தா, பாதத்துக்குள்ள ரெண்டு எலும்பு ஒட்டி வளந்திருக்கலாம், எக்ஸ்ரே, தேவைப்பட்டா ஸ்கேன் எடுத்துதான் பாக்கணும். பிறந்த குழந்தைக்கு உள்ளங்கால் கீழ்ப்பக்கமா புடைச்சு படகு அடி மாதிரி வளைஞ்சு விறைப்பா இருந்தா உடனே காட்டணும், அதுக்கு மூணு வயசு வரைக்கும் காத்திருக்கவே கூடாது.

அடுத்து எல்லாரும் கேக்குறது ஷூ. தட்டைப் பாதம்னு சொன்னதும் விலை கூடின ஸ்பெஷல் ஷூ வாங்கிடுறாங்க. வலி இருக்குற பிள்ளைக்கு இன்சோல் (ஷூவுக்குள்ள பாதத்துக்கு அடியில வைக்கிற அட்டை) வச்சா வலி குறையலாம், ஆனா இன்சோல் வளைவ உருவாக்கும்னு நம்பி வலியே இல்லாத பிள்ளைக்கு வாங்க வேண்டியதில்ல. நம்ம நாட்டுலயே 4 முதல் 13 வயசு வரைக்கும் 2300 பிள்ளைங்களோட பாதத் தடத்த எடுத்து 1992ல ஒரு ஆய்வு வெளியாச்சு, அதுல ஷூ போடுற பிள்ளைங்கள்ல 8.6 சதவீதம் பேருக்கும் வெறுங்கால்ல நடக்குற பிள்ளைங்கள்ல 2.8 சதவீதம் பேருக்கும் தட்டைப் பாதம் இருந்துச்சு. இத வச்சு ஷூதான் காரணம்னு அடிச்சு சொல்ல முடியாது, ஆனாலும் வீட்டுக்குள்ளயும் சுத்தமான மண்ணுலயும் பிள்ளைய வெறுங்காலோட ஓட விடுங்கன்னு தைரியமா சொல்லுவேன்.

பின்னாடி மிலிட்டரி செலக்‌ஷன்ல கழிச்சிருவாங்களேன்னு இப்பவே கவலைப்படுறவங்களுக்கு: நுனிக்கால்ல நிக்கும்போது வளைவு வந்து, வலியில்லாம நல்லா ஓட முடிஞ்சா ராணுவ மெடிக்கல் விதிகளே ஏத்துக்குது.

டாக்டர்ட்ட போறதா இருந்தா குழந்தைங்க டாக்டர்ட்டயோ எலும்பு டாக்டர்ட்டயோ போங்க. பிள்ளை வெறுங்கால்ல நடக்குறத முன்னாடியும் பின்னாடியும் இருந்து போன்ல வீடியோ எடுத்து வச்சுக்கோங்க, போட்டுத் தேஞ்ச பழைய செருப்பையும் எடுத்துட்டுப் போங்க, எந்தப் பக்கம் தேஞ்சிருக்குன்னு அவங்க பாப்பாங்க.